ஒத்த விடையும் உண்மை விடையும்

அறிவு ஒருவன் தனித்திருந்து பெறும் பொருளாயினும், அது உறுதிப்படுவது பலரொடு கூடி ஆராயுமிடத்தேயாம். தான் அறிந்ததனைப் பிறர் அறிந்ததனோடு வைத்து நோக்கும் வேட்கை மக்கட்கு இயல்பாகவே உண்டு. அவ்வேட்கை தெளிவாகப் புலப்படும் இடங்களுள் ஒன்று தேர்வுச்சாலையின் வாயில். கணிதத் தேர்வு முடிந்து மாணவர் வெளிப்போந்த அளவானே, "உனக்கு யாது விடை வந்தது?" என்று ஒருவரையொருவர் வினவுகின்றனர். விடை ஒத்தவழி மகிழ்கின்றனர். ஒவ்வாதவழி முகம் வாடுகின்றனர். இதனைச் சிறாரது செயலென்று இகழ்ந்து விடுதல் எளிது. ஆயினும், ஒத்தல் என்பது உண்மைக்குச் சான்றாகுமா? ஆகாதாயின் உண்மையைத் துணிதற்குரிய வழி யாது? பலரொடு மாறுபட்டவழி ஒருவன் ஒழுகத்தக்க நெறி யாது? என்னும் பெரிய வினாக்கள் இச்சிறு செயலினுள் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

பிற பாடங்களை விடுத்துக் கணிதத்தையே எடுத்துக்கொண்டது என்னையெனின், செய்யுளின் நயம் கூறுமிடத்து இருவர் வேறுபடினும் இருவரும் ஒருவாறு பொருந்தக் கூறினர் எனல் கூடும். கணிதத்தில் அவ்வாறன்று. வினா செவ்விதின் அமைந்ததாயின், விடை ஒருவர் விருப்பு வெறுப்புக்களுக்கு உட்படாது நிற்கும். ஆகவே, பலர் கருத்து என்பது வேறு, உண்மை என்பது வேறு என்னும் வேற்றுமையைக் காண்டற்கு இதனினும் ஏற்ற களம் இல்லை.

இனி, இவ்வாராய்ச்சிக்கு எடுத்துக்காட்டாவன அமெரிக்க ஐக்கிய நாட்டில் நிகழ்ந்தன. அந்நாட்டில் கல்லூரி புகுவார்க்கென அமைந்த எஸ்.ஏ.டி. என்னும் தேர்வு 1926-ஆம் ஆண்டில் தொடங்கியது. அதற்கு முன்னோடியாகப் பள்ளி மாணவர் எழுதும் பி.எஸ்.ஏ.டி. என்னும் தேர்வும் உண்டு. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இவற்றின் கணித வினாக்களுக்குப் பெரும்பாலும் ஐந்து விடைகள் உடன் தரப்படும். அவற்றுள் ஒன்றை மாணவர் தெரிந்து குறித்தல் வேண்டும். எஸ்.ஏ.டி. தேர்வில் ஒரே நாளில் இலக்கக்கணக்கானோர் எழுதுவர். குறிகளைப் பொறியே நோக்கி மதிப்பிடும். மாணவர் எவ்வழியால் அவ்விடையை அடைந்தனர் என்று நோக்குவார் இலர். முடிந்த முடிபு ஒன்றே நோக்கப்படும். இவ்வியல்பை மனத்துட்கொண்டு மேலே செல்வாம்.

தேர்வு முடிந்தபின் விடைகளை ஒப்பு நோக்குதல் வீண் என்பாரும் உளர். "எழுதிய தாள் கையைவிட்டுப் போயிற்று, இனி ஓர் எழுத்தையேனும் மாற்றல் இயலாது, பிழையென்று அறிந்தால் துன்பமே மிகும், பிழையன்றென்று அறிந்தாலும் மதிப்பெண் கூடப் போவதில்லை, ஆதலால் வாளா இருத்தலே தக்கது" என்பது அவர் கூற்று. இது பொருந்தாது. என்னை? தேர்வின்கண் நிகழ்வன இரண்டு. ஒன்று, மதிப்பெண்ணுக்குரிய செயல். மற்றொன்று, வினாவின் உண்மையை உணர்தலாகிய செயல். முன்னையது மணி அடித்த அளவிலே முடிந்தது. பின்னையது முடியவில்லை. உண்மையை உணரும் வரை அவ்வினா அவன் உள்ளத்தே திறந்தபடியே கிடக்கும். தாளைப் பெற்றுக்கொண்டோர் அவனது விடையைக் கொண்டு போயினரேயன்றி, அவனது அறியாமையைக் கொண்டு போயினரல்லர். அஃது அவனிடத்தே தங்கிற்று. அதனை நீக்கிக்கோடற்கு ஏற்ற பொழுது, வினா நினைவில் மறையாதிருக்கும் அப்பொழுதேயாம். எனவே, ஒப்பு நோக்குதல் தன்னளவில் குற்றமாகாது. எதனை நாடி ஒப்பு நோக்குகின்றனர் என்பதே கருதத்தக்கது.

மாணவர் பலர் நாடுவது எண்ணை மட்டுமே. "உனக்கு 3, எனக்கும் 3, அவற்கும் 3, ஆகவே விடை 3" என்று துணிந்து அகல்வர். இது பலரது உடன்பாட்டை ஏதுவாகக் கொண்டு உண்மையைக் கருதும் அனுமானமாகும். இவ்வேது வலியுடையதா என்று நோக்குவாம்.

ஒருவர் அளந்த நிலத்தை மற்றொருவர் வேறொரு கோல்கொண்டு வேறொரு புறத்திலிருந்து அளந்து அதே அளவைக் கூறுவாராயின், அவ்வுடன்பாடு பெரிதும் மதிக்கத்தக்கது. இருவரும் தனித்தனியே பிழைசெய்து, அப்பிழைகளும் ஓரெண்ணில் வந்து முடிதல் அரிதாகலின் என்க. ஆனால் இருவரும் ஒரே பிழைபட்ட கோலைக் கொண்டு அளந்தனராயின், அவர்தம் உடன்பாடு யாதனை நிறுவும்? கோல் ஒன்று என்பதனையே நிறுவும். நிலத்தின் அளவை நிறுவாது. மங்கிய ஒளியிற் கிடந்த கயிற்றைப் பதின்மர் பாம்பென்று கண்டனர் எனின், பதின்மரையும் மயக்கியது அவ்வொரு மங்கலொளியேயாம். பதின்மர் கண்டமையான் கயிறு பாம்பாகாது. காண்டல், கருதல், உரை என்னும் அளவைகளைக் கூறி, ஐயமும் திரிபும் அறிவுக்குக் குற்றமென விலக்கும் சிவஞான சித்தியாரின் அளவையியலைப் பயின்றார்க்கு இது புதிதன்று. ஐயமாவது ஒன்றிற் றுணிவு பிறவாமை. திரிபாவது ஒன்றனை மற்றொன்றாகத் துணிதல். இவ்விரண்டனுள் திரிபே கொடிது. ஐயமுற்றவன் வினவுவான், திரிபுற்றவன் வினவான்.

தேர்வு வினாக்களில் இவ்வபாயம் மிகுதி. உடன் தரப்படும் விடைகளுள் பிழையாவன கண்டவாறு வைக்கப்படுவன அல்ல. மாணவர் இடறும் இடங்களை முன்னரே எண்ணி, அவ்வாறு இடறினார்க்குக் கிடைக்கும் எண்களையே பிழைவிடைகளாக நிறுத்துதல் வினா இயற்றுவார் வழக்கம். ஆதலின், ஒரே வழியில் இடறினார் அனைவரும் ஒரே விடையைக் குறிப்பர். பின்னர் வாயிலிற் கூடித் தம்முள் ஒத்தமை கண்டு மகிழ்வர். மெய்ம்மை ஒன்றாகலின் அதனை அடைந்தார் ஒத்திருத்தல் போலவே, பொய்ம்மைக்குச் செல்லும் பெருவழியும் ஒன்றாகலின் அதனை அடைந்தாரும் ஒத்திருப்பர்.

இதற்கு மெய்யாக நிகழ்ந்ததொரு சான்று வருமாறு. 1982-ஆம் ஆண்டு மே மாதம் 1-ஆம் நாள் நடைபெற்ற எஸ்.ஏ.டி. தேர்வில் ஒரு வினா: ஒரு சிறு வட்டம் ஒரு பெரு வட்டத்தைத் தொட்டு நிற்கின்றது, சிறு வட்டத்தின் ஆரம் பெரு வட்டத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு, சிறு வட்டம் பெரு வட்டத்தைச் சுற்றி உருண்டு வருங்கால், அதன் மையம் புறப்பட்ட இடத்தை முதன்முறை மீள அடையும்போது எத்துணை முறை சுழன்றிருக்கும்? உடன் தரப்பட்ட விடைகள் 3/2, 3, 6, 9/2, 9 என்பன. பெரு வட்டத்தின் சுற்றளவு சிறு வட்டத்தின் சுற்றளவைப்போல் மும்மடங்காகலின் விடை 3 என்று யாவர்க்கும் தோன்றும். தேர்வை அமைத்தோர் கொண்ட விடையும் அதுவே. ஆனால் உண்மை விடை 4. அது தரப்பட்ட ஐந்தனுள் இல்லை.

அஃது யாங்ஙனமெனின், ஒத்த நாணயம் இரண்டைக் கொண்டு எவரும் கண்டறியலாம். ஒன்றை மேசைமேல் அசையாது அழுத்திப் பிடித்து, மற்றொன்றை அதன் மேற்புறத்தே, பொறித்த தலை நேர்நிற்குமாறு வைத்து, வழுக்காது விளிம்பின்வழி உருட்டுக. சுற்றளவு இரண்டும் ஒன்றாகலின், முழுவதும் சுற்றிவந்தால்தான் ஒரு சுழற்சி நிரம்பும் என்று கருதுவோம். ஆயின், பாதி வழி சென்று கீழ்ப்புறத்தை அடைந்தபொழுதே தலை மீண்டும் நேர்நிற்கக் காண்போம். முழுதும் சுற்றிவரின் இரண்டு சுழற்சி. நேர்கோட்டின்மேல் உருண்டிருப்பின் ஒன்றே ஆகும். கோடு வட்டமாக வளைந்தமையால் ஒரு சுழற்சி மிகுந்தது. அவ்வாறே மேற்கூறிய வினாவிலும் மூன்றனோடு ஒன்று கூடி நான்காயிற்று. இதனையே வேறோராற்றானும் காணலாம். சிறு வட்டத்தின் மையம் செல்லும் பாதையும் ஒரு வட்டமே. அதன் ஆரம், இரு வட்டங்களின் ஆரங்களையும் கூட்டியதாகலின், சிறு வட்டத்தின் ஆரத்தைப்போல் நான்மடங்கு. ஆகவே சுழற்சியும் நான்கு.

ஏறக்குறைய 3 இலக்கம் மாணவர் எழுதிய அத்தேர்வில், இப்பிழையைச் சுட்டித் தேர்வு நிலையத்தார்க்கு எழுதி நிறுவினோர் மூவரே. அவர் காட்டியது சரியென்று கண்டபின், நிலையத்தார் அவ்வினாவை அடியோடு நீக்கி மதிப்பெண்களை மீளக் கணித்தனர். அன்று தேர்வுச்சாலைகளின் வாயில்களில் 3 என்று ஒத்துக்கொண்டு உவகையொடு பிரிந்தார் எத்துணையரோ! அவருடைய ஒற்றுமை உண்மையை அணுவளவும் அசைத்திலது.

"அற்றேல், மாணவரது உடன்பாட்டை விடுக, தேர்வு நடத்துவோர் வெளியிடும் விடைக்குறிப்பு உளதன்றே? அதனோடு ஒத்தது மெய், ஒவ்வாதது பொய் எனக் கொள்ளின் இழுக்கென்னை?" எனின், கூறுதும். விடைக்குறிப்பு உரையளவையின்பாற் படும். உரையானது, கூறுவான் அப்பொருளைக் குற்றமற அறிந்து, அறிந்தவாறே கூறுமிடத்துத்தான் அளவையாகும். தேர்வு நிலையத்தார் வல்லுநரேயாயினும் மக்களாகலின், அவர் உரை பெரும்பாலும் மெய்யாயிருத்தல் கூடுமேயன்றி எஞ்ஞான்றும் மெய்யாயே இருக்கும் என்னும் நியதி இல்லை. மேலை வினாவில் அவர் கொண்ட குறிப்பே பிழைத்தமை கண்டோம். அதற்கு முன்னும் ஒன்று நிகழ்ந்தது.

1980-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்துப் பி.எஸ்.ஏ.டி. தேர்வில் கூம்பகம் இரண்டைப் பற்றிய வினா ஒன்று இருந்தது. ஒன்றன் அடி சதுரம். அதன் பக்கங்கள் நான்கும் சமபக்க முக்கோணங்கள். ஆக முகங்கள் 5. மற்றொன்று நான்கு முகங்களும் சமபக்க முக்கோணங்களாகிய நான்முகம். முக்கோணங்கள் யாவும் ஓரளவின. ஒன்றன் முக்கோண முகத்தின்மீது மற்றொன்றன் முகத்தைச் செவ்வே பொருந்த ஒட்டினால், வெளியே தோன்றும் முகங்கள் எத்துணை? ஐந்தும் நான்கும் ஒன்பது, ஒட்டிய முகங்கள் இரண்டும் மறைந்தன, எஞ்சியன 7. விடைக்குறிப்பும் 7 என்றே கூறிற்று.

புளோரிடா மாகாணத்தைச் சார்ந்த 17 வயது மாணவர் ஒருவர் 5 என்று குறித்திருந்தனர். அது பிழையென்று மதிப்பிடப்பட்டது. அவர் தம் விடையை வாளா வற்புறுத்தாமல், பொறியியலாளராகிய தம் தந்தையாரொடும் ஆராய்ந்து, தாம் கண்டதே மெய்யென்று காட்டினர். மெய்யாதல் எவ்வாறெனின், ஒத்த அளவினவாகிய சதுரக் கூம்பகம் இரண்டைக் கூடாரங்கள்போல் அடிப்பக்கம் பொருந்த அருகருகே நிறுத்தி நோக்குக. அவற்றின் முடிகள் இரண்டற்கும் இடைப்பட்ட தூரம் அடியின் ஒரு பக்கத்தின் அளவேயாம். ஆகவே, இரு கூடாரங்களுக்கும் நடுவே அமைந்த வெற்றிடத்திற்கு விளிம்புகள் ஆறு, ஆறும் ஓரளவின. அவ்வெற்றிடத்தில் வினாவிற் கூறிய நான்முகம் மிகாமலும் குறையாமலும் பொருந்தும். கூடாரங்கள் இரண்டன் முன்முகங்களும் ஒரே தளத்திற் சாய்ந்திருத்தலின், இடையே பொருந்திய நான்முகத்தின் முன்முகமும் அத்தளத்தையே நிரப்பும், பின்முகமும் அவ்வாறே. எனவே, ஒட்டிய உருவத்தில் இரண்டு முகங்கள் தம்மை அடுத்த முகங்களோடு கூடி ஒவ்வொன்றாகி விடுகின்றன. ஏழனுள் இரண்டு குறைய 5 ஆயிற்று. கோண அளவையாற் கூறின், ஒட்டிய விளிம்பில் ஒன்றன் கோணம் ஏறக்குறைய 109 பாகை 28 கலை. மற்றொன்றன் கோணம் 70 பாகை 32 கலை. இரண்டும் கூடிச் சரியாக 180 பாகை. மடிப்பின்றி ஒரே தளமாதற்கு வேறென்ன வேண்டும்?

நிலையத்தார் பிழையை உடன்பட்டனர். ஏறக்குறைய 2,40,000 மாணவரது மதிப்பெண் உயர்த்தப்பட்டது. 1981-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இச்செய்தி அந்நாட்டு நாளிதழ்களில் வெளியாயிற்று. தேர்வு வினாக்களையும் விடைகளையும் எழுதினார்க்குப் பின்னர்க் காட்டுதல் வேண்டும் என்று நியூயார்க்கு மாகாணம் 1979-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியிருந்தது. மறைத்துவைத்த விடைக்குறிப்பை எவரும் திருத்தவியலாது, காட்டியதனையே திருத்தலாகும். ஆகலின், தம் விடையைப் பிறர் நோக்குமாறு வெளியிடுதல் மாணவர்க்கேயன்றித் தேர்வு நடத்துவார்க்கும் அறமாதல் காண்க. இளைஞர் ஒருவர் காட்ட, பெரியதொரு நிலையம் பிழையை ஏற்றமை அதற்கு இழிவன்று. அதன் மதிப்புக்குக் காரணமாவதேயாம்.

இவற்றைக் கேட்ட மாணவன் ஒருவன், "என் விடை ஒருவரோடும் ஒத்திலது; விடைக்குறிப்போடும் ஒத்திலது; ஆகவே யானும் அவர்போல உண்மை கண்டவனே" என்று செருக்குவானாயின், அதுவும் திரிபேயாம். பலர் ஒத்தமை உண்மைக்குச் சான்றாகாமை போலவே, ஒருவன் தனித்து நின்றமையும் சான்றாகாது. தனித்து நிற்போருட் பலர் பிழையினாலேயே தனித்து நிற்கின்றனர். விடைக்குறிப்பு நூறு வினாக்களில் மெய்யாயிருந்து ஒன்றிற் பிழைத்தமையாலன்றோ அஃது ஒரு செய்தியாயிற்று? மேற்கூறிய மாணவரை ஏனையோரினின்றும் வேறுபடுத்தியது அவருடைய தனிமையன்று; பிறர் எவரும் நடந்து பார்க்கத்தக்க வழி ஒன்றை அவர் காட்டியமையேயாம். தந்தையும் அவ்வழி நடந்தார். தேர்வு நிலையத்தாரும் நடந்தார். நடந்தார் அனைவரும் ஐந்தினையே அடைந்தனர். இங்ஙனம் பிறந்த உடன்பாடே மதிக்கத்தக்க உடன்பாடு. முன்னையது வழி நோக்காமல் எண்ணை மட்டும் ஒப்பிட்டதனாற் பிறந்தது; இது வழியை ஆராய்ந்ததனாற் பிறந்தது.

இதனால், விடையை ஒப்பு நோக்குவார்க்கு உரிய வினா "யாது விடை?" என்பதன்று, "எவ்வாறு வந்தது?" என்பதே எனத் துணியப்படும். ஐந்து விடைகளுள் ஒன்றைக் கண்ணை மூடித் தொடுவானுக்கும் ஐந்திலொரு முறை மெய்விடை கிடைத்தல் கூடும். பொறி அவற்கும் அறிந்தவற்கும் ஒரே மதிப்பெண்ணைத் தரும். ஆயினும் இருவரும் ஒரு நிகரரல்லர். காரணம் அறியாது பெற்ற மெய்விடை, வழியிற் கிடந்த பிறர்பொருள் போல்வது; கையிலிருப்பினும் தனதாகாது. காரணத்தோடு நின்று பிழைத்த விடையோ, எவ்விடத்துப் பிழைத்தது என்று காட்டியவழி, அக்கணமே மெய்யறிவாக மாறுந் தன்மையது. ஆகவே, ஒத்த விடையுடையார் இருவர் வழிகேளாது பிரிந்தால் இருவரும் ஒன்றும் பெற்றிலர். ஒவ்வாத விடையுடையார் இருவர் வழிகேட்டு ஆராய்ந்தால் ஒருவரேனும், சிலகால் இருவரும், பயன்பெறுவர்.

இனி, ஒழுக்கத்தின்பாற்பட்டன சில. தேர்வு இன்னும் எழுதாதார் உளராயின், அவர் எழுதி முடிக்குங்காறும் வினாவைப் பற்றிப் பேசுதல் தகாது. அது கூடி ஆராய்தலன்று; பிறர் தம் முயற்சியாற் பெறத்தக்கதனைக் கெடுத்தலாகும். அன்றியும், அடுத்த தேர்வுக்குச் செல்லும் தோழனை வழிமறித்து அவன் பிழையை எடுத்துரைத்தலும் நன்றன்று. உண்மை கூறுதல் அறமேயாயினும், அதற்கும் காலமும் இடமும் உள. மாறுபட்ட விடையுடையானைப் பலர்கூடி நகைத்தல் எல்லாவற்றினும் தீது. நகைப்புக்கு அஞ்சிய மாணவன் தன் விடையைச் சொல்லாது மறைப்பான். மெய்விடை அவனிடத்தே இருந்ததாயின், அந்நகைப்பினால் இழந்தார் நகைத்தோரேயாவர். அவனும் நாளடைவில் தன் அறிவை நம்பாது, பிறர் முகத்தை நோக்கித் தன் விடையை மாற்றும் இயல்பினனாவான். எண்ணை மாற்றுதல் சிறிய பொருளாகத் தோன்றலாம். ஆயினும், தான் மெய்யென்று கண்டதனைப் பலர்க்கு அஞ்சிக் கைவிடும் பழக்கம் அவ்வெண்ணோடு நில்லாது. வழக்குமன்றத்திற் சான்று கூறுமிடத்தும், ஊரவையிற் கருத்துக் கூறுமிடத்தும் அப்பழக்கமே அவனை நடத்தும். அங்ஙனமே, தன் வழி பிழைத்தது என்று தெளிந்தபின்னும் நாணத்தால் அதனை விடாது பற்றி நிற்பவனும் அப்பொதுவிடங்களில் தீங்கே செய்வான். அஞ்சி விடுதலும் நாணிப் பற்றுதலும் ஆகிய இரண்டும் உண்மையினும் தன்னையே பெரிதாக மதித்தலின் வருவன.

அமெரிக்க நாட்டில் 2024-ஆம் ஆண்டு முதல் எஸ்.ஏ.டி. தேர்வு கணிப்பொறி வாயிலாகவே நடைபெறுகின்றது. ஒரே அறையில் எழுதுவார்க்கும் வினாக்கள் முற்றும் ஒன்றாயிரா; முற்பகுதியில் மாணவர் விடையிறுத்த திறத்திற்கேற்பப் பிற்பகுதி வேறுபடும். ஆதலின், வாயிலில் நின்று எண்ணோடு எண்ணை ஒப்பிடும் வழக்கத்திற்கு அங்கு இடம் சுருங்கி வருகின்றது. ஒப்பிடுதற்கு எஞ்சுவது வழி ஒன்றே. தேர்வு முறை மாற்றத்தால் நேர்ந்த இதனை, மாணவர் தாமே விரும்பி மேற்கொள்வாராயின் பெரும்பயன் விளையும்.

ஆகவே, தேர்வு முடிந்து கூடும் மாணவரை வாளா இருமின் என்று தடுத்தல் வேண்டா. அவர் கேட்கும் வினாவைத் திருத்தினால் அமையும். ஒத்தவழியும் காரணம் கேட்க. ஒவ்வாதவழியும் காரணம் கேட்க. தன் காரணத்தைப் பிறர் ஆராயக் கொடுக்க. பிறர் காரணம் வலிதாயின் அப்பொழுதே ஏற்க. தன் காரணமே வலிதாயின் விடைக்குறிப்பே மாறுபடினும் பணிவோடு நின்று காட்டுக. இம்முறையிற் பழகிய மாணவன் பெறும் மதிப்பெண் எத்துணையாயினும் ஆகுக. அவன் ஐயத்தைக் கடத்தற்கும் திரிபை நீக்கற்கும் உரிய வழியைப் பெற்றவனாவான். அவ்வழி, அவன் எழுதும் தேர்வுகள் யாவும் முடிந்தபின்னும் அவற்குத் துணையாக நிற்கும்.